தியாகம் என்னும் திரை: தமிழ்ப்பள்ளி பற்றிய நம் எழுத்து – ஒரு நோக்கு

பட்டர்வொர்த் நகரிலிருந்து தெற்கே செல்லும் இரயிலில் முதலாவதாக எதிர்ப்படும் நிலையம் புக்கிட் தெங்கா. மலாய் மொழியில் இப்பெயருக்கு 'நடுக்குன்று' என்பது பொருள். இன்று அந்நிலையத்தைச் சுற்றி நோக்குவார் கண்ணுக்குத் தொழிற்கூடங்களும் பண்டகசாலைகளும் நெடுஞ்சாலை மேம்பாலங்களுமே தென்படும். செபராங் பிறை என்று வழங்கும் இந்நிலப்பகுதி, 'புரோவின்ஸ் வெல்லஸ்லி' என ஆங்கிலேயர் பெயரிட்டு ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் அக்கரும்பை நட்டனர், வெட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது; பின்னர்ச் செம்பனை வந்தது; அதன்பின் ஆலைகள் வந்தன. நிலத்தின் பயன் மாறிய ஒவ்வொரு முறையும் அந்நிலத்தில் உழைத்த மக்கள் இடம் பெயர்ந்தனர்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீவுக்கு எதிரே உள்ள இப்பெருநிலப் பகுதியில் அமைந்தவை. அவற்றின் பெயர்களைச் சற்று உரக்கப் படித்துப் பாருங்கள்: பிறைத் தோட்டம், ஜூரு தோட்டம், அல்மா தோட்டம், மலாக்கோப் தோட்டம், வால்டோர் தோட்டம், பத்து காவான் தோட்டம். புக்கிட் தெங்காவிலிருந்து எத்திசையில் சென்றாலும் இப்பெயர்களுள் ஒன்றை விரைவில் அடைந்துவிடலாம். பெயரில் தோட்டம் இருக்கிறது. தோட்டமோ பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே, பள்ளியின் பெயர்ப்பலகையே ஒரு வரலாற்று ஆவணம் எனலாம். அப்பள்ளிக்கு நிலம் எங்கிருந்து வந்தது, அதன் மாணவர் எங்கே போயினர், அதன் கூரையைச் செப்பனிட வேண்டியவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்குமான விடை 'தோட்டம்' என்னும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இவ்வாவணத்தை நம் இலக்கியம் எவ்வாறு படித்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நம் தமிழ்ப்பள்ளிகளின் நிதிப் பற்றாக்குறையும் ஆசிரியர் பற்றாக்குறையும் மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஓயாமல் பேசப்படுபவை. அவை நம் கதைகளிலும் கவிதைகளிலும் இடம்பெறாமல் இல்லை. ஆயினும், எவ்வடிவில் இடம்பெறுகின்றன என்று நோக்கினால் ஒரு குறை புலப்படும். நாம் பற்றாக்குறையை எழுதவில்லை. பற்றாக்குறையைத் தாங்கிக்கொண்டவரின் பெருமையை எழுதியிருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

நம் கதைகளில் ஆசிரியர்

தமிழ்ப்பள்ளியைக் களமாகக் கொண்ட நம் கதைகளுக்குப் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. ஓர் இளம் ஆசிரியர் தகரப் பெட்டியுடன் தோட்டத்துச் செம்மண் சாலையில் வந்து இறங்குவார். பள்ளி ஒற்றைக் கொட்டகையாக இருக்கும். மழை பெய்தால் கூரை ஒழுகும். கரும்பலகை பிளந்திருக்கும். ஆசிரியர் தம் சம்பளத்தில் சிலேட்டும் நோட்டுப் புத்தகமும் வாங்கித் தருவார். பால்மரம் சீவச் செல்லவிருந்த ஒரு சிறுவனைத் தடுத்து மீண்டும் வகுப்புக்கு அழைத்து வருவார். ஆண்டுகள் பல உருண்டோடும். அச்சிறுவன் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ திரும்பி வந்து, முதுமையடைந்த ஆசிரியரின் காலில் விழுவான். கதை அத்துடன் முடியும்.

இக்கதையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். நம்முட் பலர் எழுதியும் இருக்கிறோம். இதில் பொய் ஏதும் இல்லை. இத்தகைய ஆசிரியர்கள் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். இவ்வமைப்பு நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணமும் தெளிவு. 1950ஆம் ஆண்டளவில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களை முறையாக உருவாக்கிய முதன்மையான முயற்சிகளுள் ஒன்று. அதனையொட்டி எழுத வந்தவர்களிலும் அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகளிலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தொகை மிகுதி. எழுதுபவரும் ஆசிரியர், படிப்பவரும் ஆசிரியர் என்னும் நிலையில், ஆசிரியரின் தியாகம் கதைப்பொருளாவது இயல்பேயாகும்.

எனினும், அக்கதையின் கூரையை ஒரு திறனாய்வாளன் கண்ணோடு நோக்குவோம். அக்கூரை ஏன் ஒழுகுகிறது? கதை சொல்வதில்லை. மழை பெய்வதைப் போலவே கூரை ஒழுகுவதும் இயற்கை நிகழ்ச்சியாக அங்கே இடம்பெறுகிறது. அக்கட்டடம் யாருக்கு உரியது, அதைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது, அப்பொறுப்பு ஏன் நிறைவேறவில்லை, நிறைவேறும்படி யாரேனும் விண்ணப்பித்தார்களா, விண்ணப்பத்திற்கு என்ன விடை வந்தது என்பன எவையும் கதைக்குள் வருவதில்லை. ஆசிரியரின் பெருமை ஒளிர்வதற்கு ஏற்ற இருளாகவே பற்றாக்குறை பயன்படுகிறது. விளக்கின் அழகைப் பாடுகின்றவன் இருளைக் குறித்து வருந்த மாட்டான் அல்லவா?

மாணவன் பக்கமிருந்து நோக்கினாலும் இத்தகையதொரு மறைப்பு உண்டு. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியம், 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' என்னும் நாவலை நினைவுகூர்வோம். அதன் நாயகன் ரவி தமிழ்ப்பள்ளியில் முருகேசு வாத்தியாரிடம் படிப்பைத் தொடங்குகிறான். பின்னர் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்படுகிறான். அம்மாற்றமே அவன் உயர்வின் வாயிலாகவும் தன் மக்களிடமிருந்து அவன் விலகுவதன் தொடக்கமாகவும் அமைகிறது. மணியம் அவ்விலகலின் வலியை மறைக்கவில்லை. நாவலின் உயிரே அதுதான். நம் தமிழ்க் கதைகளிலோ கெட்டிக்கார மாணவன் வெளியேறி உயர்வது முழு வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. அவனுடன் ஒரே பலகையில் அமர்ந்திருந்த மற்றை இருபது பிள்ளைகள் கதையின் இரண்டாம் பக்கத்திலேயே மறைந்துவிடுகிறார்கள். ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வு 1988இல் தொடங்கி 2021இல் ஒழிக்கப்படும் வரை, ஆண்டுதோறும் நம் நாளிதழ்கள் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றோர் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. அப்பக்கங்களும் அக்கதைகளும் ஒரே மனப்பான்மையின் இரு வடிவங்களே.

இரு கதைகள்

ஆசிரியரைப் பற்றிய கதை வேறு எவ்வாறு அமையலாம் என்பதற்கு இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு நோக்குவது மாணவர்க்குப் பயன்தரும்.

ஒன்று, தி. ஜானகிராமனின் 'முள்முடி'. தம் பணிக்காலம் முழுவதும் மாணவரை அடித்தறியாத ஆசிரியர் அனுகூலசாமி ஓய்வு பெறுகிறார். ஊரே பாராட்டுகிறது. அந்நாளில், தம் சொல்லொன்று ஒரு சிறுவனை வகுப்பே ஒதுக்கிவைக்கக் காரணமாயிற்று என்பதை அவர் அறிகிறார். மாலையாகச் சூட்டப்பட்ட புகழ் முள்ளாகிக் குத்துகிறது. தமிழில் ஆசிரியரைப் பற்றி எழுதப்பட்ட கதைகளுள் இதற்கு ஈடானவை மிகச் சில. ஆசிரியரைப் பாராட்டுவதோடு நில்லாமல் அவர் மனச்சான்றைச் சோதிக்கும் துணிவு இக்கதையில் உண்டு. எனினும், இங்குச் சோதிக்கப்படுவது தனி மனிதரின் அறம். பள்ளி என்னும் அமைப்பு கதைக்கு வெளியே நிற்கிறது. அதனை ஒரு குறையாகக் கூறவில்லை. கதையின் நோக்கம் வேறு.

மற்றொன்று, இரசிய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1897இல் எழுதிய ஒரு சிறுகதை. நகருக்குச் சென்று சம்பளம் வாங்கிக்கொண்டு மாட்டுக்கும் மனிதர்க்கும் தடுமாற்றம் தரும் சேற்றுப் பாதையில் குதிரை வண்டியில் ஊர் திரும்பும் மரியா வசீலியெவ்னா என்னும் கிராமத்து ஆசிரியையின் ஒரு நாள் பயணமே அக்கதை. பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றியவள் அவள். வண்டியில் அமர்ந்து அவள் எதை எண்ணுகிறாள்? இலட்சியத்தையா? இல்லை. விறகை எண்ணுகிறாள், தேர்வை எண்ணுகிறாள், வேலை செய்யாத காவலாளியை எண்ணுகிறாள். அக்காவலாளியை நீக்கும்படி முறையிடப் போனால் வட்டார மன்றத் தலைவரை அலுவலகத்தில் காண முடிவதில்லை. கண்டாலும் அவர் தமக்கு நேரமில்லை என்று கண்ணீர் மல்கக் கூறுகிறார். பள்ளி மேற்பார்வையாளர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். அவளுடைய மாதச் சம்பளம் 21 ரூபிள் என்பது வரை கதைக்குள் இருக்கிறது.

அதே பாதையில் கானொவ் என்னும் நிலக்கிழார் ஒருவரும் வருகிறார். நல்ல மனிதர். பள்ளிகளுக்கு உலக உருண்டைகளை அன்பளிப்பாக வழங்குபவர். அதனால் தாம் மக்கள் கல்விக்குத் தொண்டாற்றுவதாக மெய்யாகவே நம்புகிறவர். விறகில்லாத பள்ளிக்கு உலக உருண்டையால் என்ன பயன் என்று ஆசிரியை தன்னுள் வியக்கிறாள். கதையின் இறுதியில் அவள் இரயில் பாதைக் கதவருகே காத்து நிற்கிறாள். கடந்து செல்லும் வண்டியில் தன் தாயின் சாயல் கொண்ட ஒரு பெண்ணைக் கண்டு, தன் இளமையும் இழந்த இல்லமும் ஒரு கணம் மீண்டதாக உணர்கிறாள். கதவு திறக்கிறது, வண்டி மீண்டும் சேற்றில் செல்கிறது.

இக்கதையில் தியாகம் என்னும் பேச்சே இல்லை. ஆனால் படித்து முடித்தவர் அந்த ஆசிரியையை மறக்க மாட்டார். காரணம், அவள் துயரத்திற்கு முகவரி இருக்கிறது. விறகு வராமைக்கு ஒரு மன்றம் காரணம்; அம்மன்றத்திற்கு ஒரு தலைவர் உண்டு; அவருக்கு நேரமில்லை. செகாவ் கணக்கைக் கதைக்குள் கொண்டு வந்தார். அதனால் இரக்கம் எரிச்சலாக மாறுகிறது. எரிச்சல் வினாவாக மாறுகிறது. நம் கதைகளில் இரக்கம் வணக்கமாக மாறி, அத்துடன் அமைதியடைந்து விடுகிறது.

கதைக்குள் வராத கணக்கு

நம் கதைகளுக்கு வெளியே நின்றுவிட்ட அக்கணக்கு யாது? சுருங்கக் கூறின், அது நிலத்தின் கணக்கு.

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816ஆம் ஆண்டு பினாங்கில் நிறுவப்பெற்ற பினாங்கு பிரீ ஸ்கூலுடன் இணைத்துப் பேசப்படுகிறது. 2016இல் நாடெங்கும் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு விழா எடுத்ததும் இதனாலேயே. ஆயின், தமிழ்ப்பள்ளி பெருகியது நகரில் அன்று, தோட்டத்தில். 1912ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. முதலாளி கட்டினார், ஆனால் விரும்பிக் கட்டவில்லை. செலவு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைத்துக் கட்டினார். ஆயாக் கொட்டகைக்கு அருகே ஒரு பலகைக் கொட்டகை; எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஆசிரியர்; சில இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் அப்பணியைப் பார்த்தனர். பிள்ளை நான்காண்டு படித்துவிட்டு வெளிக்காட்டு வேலைக்கு வருவான் என்பதே அப்பள்ளியின் எழுதாத பாடத்திட்டம். பேராசிரியர் தி. மாரிமுத்து எழுதிய ஆய்வொன்றில், தோட்டப்பள்ளியானது தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே மீண்டும் உருவாக்கும் கருவி என்று காட்டினார். அவ்வாய்வின் தலைப்பே நம் கதைகள் பலவற்றைக் காட்டிலும் கூர்மையானது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் அறிக்கைகள் வந்தன. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, 1956இல் ரசாக் அறிக்கை, 1960இல் ரகுமான் தாலிப் அறிக்கை, 1961இல் கல்விச் சட்டம். தமிழ்ப்பள்ளி தேசிய மாதிரி ஆரம்பப்பள்ளியாயிற்று. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. இது சிறு செய்தியன்று. தோட்ட நிருவாகியின் தயவில் வாழ்ந்த ஆசிரியர் அரசாங்க ஊழியரானார். ஆனால் நிலம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்தது. இங்கேதான் முடிச்சு விழுந்தது. அரசு நிலத்தில் அமைந்த பள்ளி முழு உதவி பெறும் பள்ளி; அதன் கட்டடமும் பராமரிப்பும் அரசைச் சார்ந்தவை. தனியார் நிலத்தில் அமைந்தது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளமும் தலைக்கணக்கில் வரும் மானியமும் கிடைக்கும். கட்டடத்தின் பெரும் சுமை பள்ளி வாரியத்தின் மீதும் பெற்றோர் மீதும் விழும். நம் பள்ளிகளுள் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தலைக்கணக்கு என்னும் இம்முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவர் நூற்றுவர் இருப்பினும் முப்பதின்மர் இருப்பினும் கூரை ஒன்றே. கழிப்பறையின் குழாய் ஒன்றே. கூரையின் ஓட்டை தலைக்கணக்கில் ஒழுகுவதில்லை. ஆயினும் பணம் தலைக்கணக்கில் வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், செம்பனை வந்து ஆட்கள் தேவை குறைந்தபோதும், பிறை, புக்கிட் தெங்கா போன்ற தொழிற்பேட்டைகளை நோக்கி இளைஞர் புறப்பட்டபோதும் தலைகள் குறைந்தன. அகிலன் 1977இல் வெளியிட்ட 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் துண்டாடலின் கொடுமையைத் தமிழுலகிற்கு அறிவித்தது. துண்டாடலால் வீடிழந்தோர் துயர் அந்நாவலால் அறியப்பட்டது. அவர்கள் விட்டுச்சென்ற பள்ளிகளின் கதையை எழுதும் பொறுப்பு இந்நாட்டு எழுத்தாளராகிய நமக்கு உரியதாயிற்று. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் 523 ஆகக் குறைந்தன. மறைந்த ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தேதி உண்டு. ஒரு கடிதம் உண்டு. கடைசி நாளில் பதிவேட்டை மூடிய ஒரு தலைமையாசிரியர் உண்டு. அக்கடிதங்களுள் ஒன்றேனும் நம் கதை எதிலேனும் இடம்பெற்றுள்ளதா?

ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் (2006–2010) ஆரம்பப் பள்ளிகளின் மேம்பாட்டுக்கென ஒதுக்கிய தொகையில் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கிடைத்தது 1.34 விழுக்காடு. அக்காலத்தில் ஆரம்பப்பள்ளி மாணவருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றனர். அஃதாவது, விகிதப்படி வரவேண்டியதில் பாதிக்கும் குறைவு. இவ்வெண்ணை ஒரு கவிதைக்குள் வைக்க முடியாது என்பர். ஏன் முடியாது? பசியையும் கண்ணீரையும் அளந்து பாடிய மொழிக்கு விழுக்காட்டைப் பாடுவது அரிதன்று.

2008க்குப் பின்னர் நிலைமை ஓரளவு மாறிற்று என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி வழங்கலாயிற்று. கூட்டரசும் சிறப்பு நிதிகளை ஒதுக்கிற்று. பல பள்ளிகளில் புதிய கட்டடங்கள் எழுந்தன. சில பள்ளிகள் மாணவர் வாழும் இடத்திற்குப் பெயர்ந்தன. ஆனால் சிறப்பு நிதி என்பது விதிப்படி வருவதன்று, அறிவிப்பின்படி வருவது. அதற்கு ஒரு மேடை உண்டு. ஒரு மாலை உண்டு. பெரிதாக அச்சிட்ட ஒரு காசோலை உண்டு. அடுத்த ஆண்டு வருமா என்பதற்கு உறுதி இல்லை. செகாவின் கானொவ் நமக்கு அயலாரல்லர். பெயரும் உடையும் மாற்றி நம் பள்ளி விழாக்களுக்கு அவர் வந்துகொண்டே இருக்கிறார். கணினி தருகிறார், அகராதி தருகிறார். கழிப்பறைக் குழாயைப் பற்றி அவரிடம் கேட்பது நாகரிகமன்று என்று நாமும் வாய்மூடிக் கைதட்டுகிறோம்.

நிரப்பப்படாத நாற்காலி

கட்டடக் குறை கண்ணுக்குத் தெரியும். ஆசிரியர் குறை கண்ணுக்குத் தெரியாது. ஏனெனில் அக்குறையை இருக்கும் ஆசிரியரே மூடி மறைத்துவிடுகிறார்.

பயிற்சிக் கல்லூரிகளுக்குத் தமிழ் மாணவர் போதிய அளவில் எடுக்கப்படாத ஆண்டுகளில், இடைநிலைப்பள்ளி முடித்த இளைஞர்கள் தற்காலிக ஆசிரியராக அமர்த்தப்பட்டார்கள். பயிற்சி இல்லை, பணி உறுதி இல்லை, ஆண்டிறுதியில் ஒப்பந்தம் முடியும், மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர் பலர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஆணை வந்தபோது, தமிழில் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஒரே ஆண்டில் வேறு மொழிக்கு மாற வேண்டியதாயிற்று. 2012 முதல் அவ்வாணை படிப்படியாகக் கைவிடப்பட்டது. போகவும் வரவும் ஆன செலவை ஆசிரியர் தம் இரவுகளால் செலுத்தினார்.

இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர் தொகை முன்னினும் மிகுதி. ஆயினும் சிறுபள்ளிகளில் குறை வேறு வடிவம் கொண்டிருக்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை 150 மாணவரை எட்டாத குறைந்த மாணவர் பள்ளிகள். மாணவர் முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பு முறை வருகிறது. ஓர் ஆசிரியர் கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஒரு வகுப்புக்கும் வலப்பக்கம் மற்றொரு வகுப்புக்கும் பாடம் எழுதுகிறார். அவரே நூலகப் பொறுப்பாளர். அவரே விளையாட்டுப் பயிற்றுநர். அவரே கணினியில் புள்ளிவிவரம் ஏற்றுபவர். தலைமையாசிரியர் காலையில் நுழைவாயிலில் நின்று, பகலில் வகுப்பெடுத்து, மாலையில் கட்டட நிதிக்கு நன்கொடையாளரைத் தேடிச் செல்கிறார். இடைநிலைப்பள்ளியிலோ தமிழ்மொழி வகுப்பு நடைபெறப் பதினைந்து பெற்றோர் கேட்க வேண்டும். பதினான்கு பேர் கேட்டால் வகுப்பைக் கேட்டுப்பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்தப் பதினைந்தாவது பிள்ளையைத் தேடி வீடு வீடாகச் சென்ற ஆசிரியர்களை நம்முட் பலர் அறிவோம்.

இவ்விடத்தில்தான் 'தியாகம்' என்னும் சொல் தன் வேலையைச் செய்கிறது. மூவர் செய்ய வேண்டிய பணியை ஒருவர் செய்தால், இருவருக்குரிய சம்பளம் எங்கோ மிச்சமாகிறது. அம்மிச்சத்திற்கு நாம் சூட்டும் பெயர் தியாகம். ஆசிரியர் தினத்தன்று அத்தியாகத்தைப் போற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், கவிதை படிக்கிறோம். போற்றப்பட்டவர் மறுநாள் எழுந்து, "எனக்குத் துணையாசிரியர் இருவர் வேண்டும்" என்று கேட்கக் கூசுகிறார். கேட்டால் அவர் தியாகி அல்லராகிவிடுவார் அன்றோ? பாராட்டு இவ்வாறு வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடுகிறது. செலுத்த வேண்டியவர் செலுத்தாமல் இருப்பதற்கு நம் இலக்கியம் அறியாமலே துணை போயிருக்கிறது என்று நான் கூறுவது இதனாலேயே.

இரு மறுப்புகள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: 'உழைத்தவர்களை இழித்துரைப்பதா?' அன்று. தியாகம் செய்தவரைக் குறைகூற எவர்க்கும் தகுதியில்லை. அவர்கள் இல்லையேல் இக்கட்டுரையை எழுதுவோரும் இல்லை, படிப்போரும் இல்லை. என் குறை தியாகத்தின்மேல் அன்று, தியாகத்தோடு கதையை முடித்துவிடும் நம் எழுத்தின்மேல். ஒருவர் ஏன் அவ்வளவு கொடுக்க வேண்டியதாயிற்று என்று கேட்பதே அவர் கொடுத்ததற்கு நாம் செய்யும் முழுமையான மரியாதை.

இரண்டாவது: 'இலக்கியம் கணக்கேடா?' இவ்வினா மதிக்கத்தக்கது. எண்களை அடுக்கினால் கதை அறிக்கையாகிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் நம் நாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அ. ரெங்கசாமி, சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட தமிழர் துயரை 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலாக எழுதினார். அது கண்ணீரை மட்டும் நம்பிய எழுத்தன்று. இடமும் காலமும் நிகழ்ச்சியும் அறிந்து, அவ்வறிவைக் கதையாக்கிய எழுத்து. வரலாற்றுச் செய்தி அந்நாவலின் சுவையைக் கெடுக்கவில்லை, அதற்கு முதுகெலும்பாயிற்று. இரயில்பாதைக்கு வாய்த்த அந்நேர்மை, என் வாசிப்பின் எல்லைக்குள், பள்ளிக்கூடத்திற்கு இன்னும் வாய்க்கவில்லை. எழுதியவர் ஆசிரியர், எழுதாமல் விட்டது தம் வகுப்பறை. நம்மில் பலர்க்கும் இது பொருந்தும். மிக அருகில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனிச் செய்யத்தக்கது

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோளுடன் இதனை முடிக்க விரும்புகிறேன். 'எங்கள் பள்ளி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் வகுப்புகளில் பழைய வழக்கம். 'எங்கள் பள்ளி அழகானது. அது மரங்கள் சூழ அமைந்துள்ளது' என்று தொடங்கி, 'எங்கள் ஆசிரியர்கள் அன்பானவர்கள்' என்று முடியும் கட்டுரையை நம்மில் எழுதாதவர் யார்? அடுத்த முறை அத்தலைப்பைக் கொடுக்கும்போது சில வினாக்களையும் உடன் கொடுங்கள். பள்ளியின் பெயரில் உள்ள தோட்டம் எங்கே இருந்தது? நிலம் இன்று யார் பெயரில் உள்ளது? இக்கட்டடம் எவ்வாண்டில் யார் பணத்தில் எழுந்தது? உன் பாட்டி படித்த பள்ளி இன்றும் உண்டா? இல்லையேல் அது எப்பொழுது மூடப்பட்டது? ஆறாம் ஆண்டு மாணவன் பாட்டியிடமும் வாரியத் தலைவரிடமும் கேட்டு எழுதிவரும் அந்த இரண்டு பக்கம், நம் பள்ளிகளைப் பற்றி இதுவரை எழுதப்படாத நாவலின் முதல் அத்தியாயமாகலாம்.

புக்கிட் தெங்கா நிலையத்தில் இரயில் நெடுநேரம் நிற்பதில்லை. ஆலைக்குச் செல்வோர் இறங்குவர். பட்டர்வொர்த் செல்வோர் ஏறுவர். அவர்களுள் சிலர், தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி நிற்கும் ஏதோ ஒரு பள்ளியில் எழுத்தறிந்தவர்கள். அப்பள்ளியில் அவர்களுக்கு எழுத்தறிவித்தவரை நாம் போதிய அளவு பாடிவிட்டோம். அவர் ஏன் அங்கே தனியாக நின்றார் என்பதை இனி எழுதுவோம்.